அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் யாராவது ஒருவர் இந்தக் கேள்விகளோடு வந்து நிற்பார். பி.எட். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், பெற்றோர், சில சமயம் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழிகள். நான் விலங்கியல் படித்தவள். 2008ல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து காவிரி டெல்டாவின் கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் எடுத்து வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பவர்களில் பாதிப் பேர், அரசுப் பள்ளியில் ஆய்வகப் பொருள் இல்லை, அதுதான் பிரச்னை என்று முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். பொருளை எப்படியாவது தேற்றிவிடலாம். நேரத்தையும், கூட நிற்க ஓர் ஆளையும் தேற்றுவதுதான் பெரும்பாடு. கீழே நான் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும்.

ஓர் அறிவியல் ஆசிரியர் எத்தனை வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும்?

உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறு முதல் பத்து வரை. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் அறிவியலுக்கு ஒரே ஆள்தான். எங்கள் பள்ளியில் வகுப்புக்கு வாரம் ஆறு பீரியட். ஐந்து வகுப்புக்கும் சேர்த்தால் முப்பது. வாரத்தில் மொத்தம் இருப்பதே நாற்பது. மிச்சமுள்ள பத்தில்தான் நோட்டுத் திருத்துவது, லீவு போட்டவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, பதிவேடு எழுதுவது எல்லாம்.

எண்ணிக்கையைவிடக் கஷ்டம் தாவல். பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியலை முடித்த கையோடு, அடுத்த மணி அடிக்கும்போது ஆறாம் வகுப்பில் தாவரங்கள் வாழும் உலகத்துக்குள் நுழைய வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட இடைவெளி கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மட்டும் 23 அலகுகள். இயக்க விதிகளில் ஆரம்பித்து கணினியில் காட்சித் தொடர்பு வரைக்கும் போகிறது. அரையாண்டுக்குள் அதை முடித்தால்தான் ஜனவரியில் திருப்புதல் தேர்வை ஆரம்பிக்க முடியும். எங்கள் பக்கம் மழைக்கும் புயலுக்கும் விடும் லீவு வேறு இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல நாள் பாடம் என்ற பேச்சே இல்லை, பிள்ளைகள் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விலங்கியல் படித்தவர் இயற்பியலும் எடுக்க வேண்டுமா?

ஆமாம். கல்லூரியில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். பள்ளிக்குள் நுழைந்ததும் நான்கும் ஒரே ஆள் தலையில். இயற்பியல் படித்தவருக்கு மரபியல் தடுக்கும். எனக்கு மின்சாரம் தடுக்கியது.

சேர்ந்த முதல் வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “டீச்சர், எங்க பம்ப்செட்டுக்கு மட்டும் த்ரீ ஃபேஸ் வருது, வீட்டுக்கு ஏன் சிங்கிள் ஃபேஸ்?” எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். அன்று மாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் லைன்மேன் அண்ணன் ஒருவர் கம்பத்தடியில் நின்றிருந்தார். கூச்சத்தை விட்டுவிட்டு அவரிடமே கேட்டேன். மண்ணில் குச்சியால் மூன்று கோடு போட்டு, ஒன்றின் அலை இறங்கும்போது இன்னொன்று ஏறும், அதனால்தான் பெரிய மோட்டார் திணறாமல் சுற்றும், வீட்டு விளக்குக்கும் காற்றாடிக்கும் ஒரு ஃபேஸே போதும் என்று ஐந்தே நிமிடத்தில் புரிய வைத்தார். மறுநாள் அதே மூன்று கோட்டைக் கரும்பலகையில் போட்டேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் தேடிப் படிக்க நேரம் வேண்டும், கேட்க ஒருவர் வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கென்று தனி ஆசிரியர் இருப்பார், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் கேட்டுவிடலாம். எங்களைப் போன்ற பள்ளியில் அந்த நாற்காலியே கிடையாது.

ஆய்வகத்தில் கருவிகள் இல்லையா?

பல பள்ளிகளில் இருக்கின்றன, பீரோவுக்குள். ஏன் வெளியே வருவதில்லை என்பதற்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணம் உண்டு: இருப்புப் பதிவேடு. ஒவ்வொரு பீக்கரும் சோதனைக் குழாயும் அதில் எண்ணிக்கையோடு ஏறியிருக்கும். தணிக்கைக்கு வரும்போது எண்ணிக்கை இடிக்கக் கூடாது. உடைந்தால் எழுதி, கையெழுத்து வாங்கி, கழிவு நீக்கம் செய்ய வேண்டும். இதற்குப் பயந்து, உடையாமல் இருக்க ஒரே வழி தொடாமல் இருப்பதுதான் என்று பல பேர் பூட்டிவைத்துவிடுகிறார்கள். நான் ஒரு பள்ளிக்கு மாறுதலில் போனபோது, பெட்டி பிரிக்காத நுண்ணோக்கி ஒன்று கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை, வலை பின்னினாற்போல. கடலோரக் காற்றில் மூடியே வைத்தால் அப்படித்தான் ஆகும். வாரம் ஒருமுறை எடுத்துப் புழங்கியிருந்தால் அது இன்னும் பத்து வருடம் உழைத்திருக்கும்.

உடைசலுக்கு இன்னும் தாராளமாக வழி விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் கையில் கண்ணாடி உடையத்தான் செய்யும். உடையாத ஆய்வகத்தை யாரும் தொடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நாற்பது நிமிடத்தில் ஒரு செய்முறை செய்ய முடியாதா?

ஒன்றைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் செய்முறையில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு சோதனை இருக்கிறது. பீக்கரில் தண்ணீர், அதில் ஹைட்ரில்லா செடி, மேலே கவிழ்த்த புனல், புனல் காம்பின் மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் குமிழி குமிழியாக ஆக்சிஜன் சேரும். தணல் குச்சியைக் காட்டினால் பளிச்சென்று எரியும்.

ஹைட்ரில்லாவுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை, ஊர்க்குளத்தில் கிடக்கும் வேலம்பாசிதான் அது. காலையில் இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பீரியட் ஆரம்பித்து முப்பத்தைந்து பேரையும் உட்கார வைக்க ஐந்து நிமிடம். சோதனைக் குழாயில் காற்று புகாமல் தண்ணீரோடு கவிழ்ப்பதற்கு மூன்று தடவை முயற்சி, பத்து நிமிடம். வராந்தா வெயிலுக்கு எடுத்துப் போனோம். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குமிழி சீக்கிரம் வரும் என்று போட்டேன். வந்தது. ஆனால் குழாயில் ஒரு விரல்கடை வாயு சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்தது கணக்குப் பீரியட்.

மதிய உணவு நேரத்தில் போய்ப் பார்த்தோம். குழாயை மெதுவாக எடுத்து, கட்டை விரலால் மூடி நிமிர்த்தி, தணல் குச்சியை விட்டேன். லேசாகச் சிவந்தது, எரியவில்லை. ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சர், புத்தகத்துல எரியும்னுதானே போட்டிருக்கு?”

ரொம்ப நல்ல கேள்வி அது. சேர்ந்த வாயு கொஞ்சம்தான், அதோடு தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் கலந்து மேலே வந்திருக்கும், சுத்தமான ஆக்சிஜன் அல்ல. இதைப் பேசி, செடியை நிழலில் வைத்தால் என்ன ஆகும், சோடாவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் செய்து பார்த்திருக்கலாம். எனக்கு இருந்தது சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிடம். அடுத்த நாள் அடுத்த பாடம். அந்தக் கேள்வியை முழுசாகப் பேசாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு இந்தச் சோதனையை முதல் பிரேயருக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, கடைசிப் பீரியடில் எடுக்கிறேன்.

ஆய்வக உதவியாளர் இல்லையா?

பணியிடம் உண்டு. 2015ல் 4,362 இடங்களுக்கு எழுத்துத் தேர்வெல்லாம் நடந்தது. பள்ளிக்கு வந்த பிறகு, அலுவலகத்தில் ஆள் இல்லை என்றால் அவரைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். அவர் மேல் குற்றமில்லை. மணி அடிக்கும் வேலையும் தபால் கொண்டுபோகும் வேலையும்கூட அவர் தலையில்தான் விழுகிறது. எனக்கு ஒருமுறை முழு வருடமும் கூடவே நின்ற ஒரு தம்பி கிடைத்தார். அந்த வருடம் செய்த சோதனைகளில் பாதிகூட வேறெந்த வருடமும் செய்யவில்லை.

பொருள் வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 101 முதல் 250 பேர் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு ரூ.50,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. மிச்சத்தில்தான் சாக்பீஸ், குழாய் ரிப்பேர், மின்விசிறி, அப்புறம் அறிவியல். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, மானியம் தரும் இந்தக் கல்வித் திட்டத்துக்கு 2024-25ல் ஒன்றிய அரசின் பங்கு சுமார் ரூ.2,152 கோடி வராமல் நின்றது. அந்தச் சண்டையின் சூடு கடைசியில் கிராமத்துப் பள்ளி வரைக்கும் வந்து சேர்கிறது.

பணம் வராவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய. மதிய உணவுச் சோற்றில் ஒரு சொட்டு பீட்டாடின் (புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து) விடுங்கள், கருநீலமாகும், ஸ்டார்ச் சோதனை முடிந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்தால் சுண்ணாம்புத் தெளிநீர். ஸ்ட்ராவால் ஊதினால் பால்போல் ஆகும். சாம்பார் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்பு காரம் என்று சொன்னவுடன் வகுப்பே “ஆமா டீச்சர்!” என்று எழுந்துவிடும். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அமிலத்துக்கும் காரத்துக்கும் வேறு வேறு நிறம் காட்டும், அதே பூவை அறுத்துப் பாகங்களும் காட்டலாம். இதில் எதற்கும் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. ஆனால் முதல் நாள் ராத்திரி யோசித்து எடுத்துவைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கழிவறை கழுவும் ஆசிடை வைத்து வித்தை காட்டாதீர்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் அமிலப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

தமிழில் அறிவியல் நடத்துவது சுலபம்தானே, தாய்மொழிதானே?

தாய்மொழியில் நடத்துவதுதான் சரி, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் பேசும் சொல்லையே அறிவியல் வேறு பொருளுக்கு எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் சிக்கல்.

எடை என்ற சொல்லையே பாருங்கள். ரேஷன் கடையில் அரிசியை எடை போடுவது கிலோவில். பிறந்த குழந்தையின் எடை மூன்று கிலோ. வகுப்புக்குள் வந்தால், கிலோகிராமில் சொன்னால் அது நிறை, எடையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்கிறது புத்தகம். வெப்பமும் வெப்பநிலையும் வீட்டில் ஒரே ‘சூடு’. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்சாரம் எல்லாமே ‘கரண்ட்’. விசை, ஆற்றல், திறன் மூன்றுக்கும் தனித்தனி அலகு இருக்கிறது, ஆனால் பையனுக்கு மூன்றும் ‘சக்தி’தான். தப்பு அவனுடையதல்ல. அவன் வாழ்க்கையில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது.

இதில் என்னால் மறக்க முடியாதது ‘வேலை’. விசையால் பொருள் நகர்ந்தால்தான் வேலை, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றால் செய்த வேலை பூஜ்யம் என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். எல்லாப் புத்தகத்திலும் உள்ள உதாரணம்தான். கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணின் முகம் மாறிவிட்டது. அவள் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குபவர். “எங்கப்பா நாள் பூரா நிக்கிறாரு டீச்சர், அது வேலை இல்லையா?” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. தரையிலிருந்து லாரிக்கு ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டோம். 40ஐ 9.8ஆல் பெருக்கி, 1.5ஆல் பெருக்கினால் 588 ஜூல். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்று அவளைக் கேட்டேன், இருநூறு இருக்கும் என்றாள். 1,17,600 ஜூல். அவளே வந்து பலகையில் எழுதினாள். மூட்டையைச் சுமந்து நிற்கும்போது ஏன் உடம்பு வலிக்கிறது என்று அப்புறம் பேசினோம்: மூட்டை நகராவிட்டாலும் தசைக்குள் சுருங்குவதும் தளர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது, அதற்கு உணவிலிருந்து வரும் ஆற்றல் செலவாகிறது. இயற்பியல் சொல்லும் வேலை ஒன்று, ஊர் சொல்லும் வேலை ஒன்று, இரண்டுக்கும் ஒரே சொல் என்று அன்றைக்கு அந்த வகுப்புக்குப் புரிந்தது. இரண்டு பீரியட் போனது. எனக்கு வருத்தமே இல்லை.

ஒரே அறையில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் நடக்குமா?

நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரிவு வந்த அளவுக்கு ஆசிரியர் வரவில்லை. பிள்ளைகள் குறைவென்றால் இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைத்து, முடுக்கம் என்று ஒரு பக்கமும் ஆக்சிலரேஷன் என்று இன்னொரு பக்கமும் எழுதிப்போட வேண்டும். விளக்கம் தமிழில், கலைச்சொல் இரண்டிலும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. பத்து முடித்து மேல்நிலைக்குப் போகும்போது அந்த ஆங்கிலச் சொற்கள் புதுசாகத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். நிறுத்தினால் வாசிப்பு வராது, பிள்ளை செங்கல் சூளைக்கோ மெக்கானிக் கடைக்கோ போய்விடும். ஆனால் வாசிப்பில் பின்தங்கியதைச் சரிசெய்யும் பொறுப்பும் அறிவியல் ஆசிரியரின் நாற்பது நிமிடத்துக்குள்தான் வந்து விழுகிறது.

நான் கண்ட ஒரு விஷயம், வாசிக்கத் திணறும் பிள்ளைதான் பல சமயம் சோதனையில் கை தேர்ந்தவன். தராசும் மீட்டர் அளவுகோலும் வைத்துத் திருப்புத்திறன் (விசை ஒரு பொருளைச் சுழற்றும் அளவு) சோதனை செய்யும்போது முதலில் சமன் செய்வது அவன்தான். அவன் செய்வான், பக்கத்தில் இருப்பவள் எழுதுவாள், பிறகு அவள் எழுதியதை அவன் வாசிப்பான். தான் செய்ததையே வாசிப்பதால் எழுத்துக் கூட்டுவதும் எளிதாகிறது.

பத்தாம் வகுப்பு என்றாலே ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?

தேர்ச்சி சதவீதம். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15, எழுத்தில் 20, மொத்தம் 35. ஆகவே ‘இருபது எடுக்க வை’ என்பதுதான் டிசம்பருக்குப் பிறகு காதில் விழும் ஒரே வாக்கியம். ஒரு மதிப்பெண் வினா பன்னிரண்டு, கூடவே நாலைந்து படம், இரண்டு மூன்று வரையறை என்று சுருக்கி ஒரு மினிமம் மெட்டீரியல் கையில் கொடுத்துவிடுவோம். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காகிதம் வந்த பிறகு ஆய்வகக் கதவு திறப்பதில்லை. செய்முறைத் தேர்விலும் பதினைந்துக்குக் கீழே போட யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். அதனால் வருடம் முழுக்கச் சோதனை செய்த பிள்ளைக்கும் கடைசி வாரம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

இனப்பெருக்கப் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

நேராக. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் வருகிறது, பத்தில் இனப்பெருக்கம். ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித் தாண்டிவிடும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாண்டினால் பிள்ளை செல்போனில் தேடிக்கொள்ளும், அது மோசம். முதல் நாள் சிரிப்பு இருக்கும். நான் சிரிப்பை அதட்டுவதில்லை, பலகையில் படம் வரைந்து பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக, இயல்பாகச் சொல்கிறேன். மூன்றாவது பெயருக்குள் சிரிப்பு அடங்கிவிடும். கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு அட்டைப் பெட்டி, பெயர் போடாமல் எழுதிப் போடலாம். பையன்கள் போட்ட சீட்டுகளில் மாதவிடாய் பற்றிய கேள்விதான் அதிகம். அக்காவுக்கு ஏன் அந்த நாளில் வயிறு வலிக்கிறது, என்ன உதவி செய்யலாம் என்று ஒருவன் எழுதியிருந்தான்.

ஊர் நம்பிக்கைகளோடு மோத வேண்டி வருமா?

மோதுவதில் பலனில்லை, காட்டுவதில்தான் பலன். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தெரிந்தது. வருடக்கணக்கில் கிடைக்காத வாய்ப்பு, ஆனால் அரையாண்டு விடுமுறை. வந்த பன்னிரண்டு பிள்ளைகளோடு, அட்டையில் ஊசித் துளை போட்டுத் தரையில் விழுந்த சூரியனின் பிம்பத்தைப் பார்த்தோம். கடிபட்ட வட்டமாக விழுந்தது. ஒரு பாட்டி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பேரனை அனுப்பிவைத்தார். அடுத்த வளையக் கிரகணம் நம் பக்கம் 2031 மே 21ல் வருகிறது. அதுவும் விடுமுறைதான், இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் தவிர வேறு என்ன வேலை?

எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, செயலியில் வருகை, இலவசப் பொருள் விநியோகம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஆதார் சரிபார்ப்பு. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியில் நிற்க வேண்டும். கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27வது பிரிவு சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே நடக்கும் பதிவு வேலையைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

வானவில் மன்றம், ஹைடெக் லேப் எல்லாம் உதவுகின்றனவா?

வானவில் மன்றம் என்ற, பள்ளிக்கே வந்து அறிவியல் சோதனை செய்து காட்டும் அரசுத் திட்டம் உதவுகிறது. 2022 நவம்பர் 28ல் திருச்சியில் தொடங்கி, 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்காக வந்தது. கருத்தாளர், அதாவது செய்து காட்ட வருபவர், பையோடு வந்து சோதனை செய்து காட்டும் நாளில் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். எனக்கு அதில் பெரிய ஆறுதல், அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் இரண்டு பெரியவர்கள் இருப்பது. ஹைடெக் லேப் என்ற கணினி அறையில் பெரும்பாலும் இணையத் தேர்வுகள்தான் நடக்கின்றன. இருந்தாலும் இதயம் சுருங்கி விரிவதை அங்கே அசையும் படமாகக் காட்டும்போது, நான் அரை மணி நேரம் கையை ஆட்டிச் சொன்னது ஒரு நொடியில் புரிகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972ல் 16 பள்ளிகளில் தொடங்கியது. சாதாரண அரசு நடுநிலைப் பள்ளிகள்தான். சோதனை வழியாகவே முழு அறிவியலும். எளிய பெட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடிப் பேச ஒரு நாள். அறிவியல் பொம்மைகளுக்குப் பேர்போன அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து செய்யும் பொம்மைகளும் அங்கேதான் பிறந்தன. ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அந்தத் திட்டத்தை 2002ல் அரசு நிறுத்திவிட்டது. அதில் என்னைக் கவர்ந்தது அந்த மாதக் கூட்டம். போன மாதம் எது சொதப்பியது என்று சக ஆசிரியரிடம் சொல்ல எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள், பெட்டியை நாங்களே நிரப்பிக்கொள்வோம்.

பணியில் இருப்பவர்களும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா?

2025 செப்டம்பர் 1ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. நானும் கணக்குப் புத்தகத்தைத் திரும்ப எடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்குக் காலை ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு பஸ்ஸில்தான் படிப்பு.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளையின் சட்டையில் மயில்துத்தக் கறையோ சேற்றுக் கறையோ இருந்தால் திட்டாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் பள்ளிக்கு வந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருவராவது வாருங்கள். ஆய்வகம் திறக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் நடக்கும், நான் கேட்டால் கோப்பில் போகும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் ஆறாம் வகுப்பிலிருந்தே அறிவியலில் கவனம் வையுங்கள்.

புதிதாகச் சேருகிறேன். முதல் வாரம் என்ன செய்யட்டும்?

பீரோ சாவியை வாங்கி, இருப்புப் பதிவேட்டோடு ஒவ்வொரு பொருளாகச் சரிபாருங்கள். உடைந்தது, இல்லாதது எதுவானாலும் உங்களுக்கு முன்னால் நடந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு பயமில்லாமல் எடுத்துப் புழங்கலாம். நுண்ணோக்கி லென்ஸைத் துடைத்து வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேரைப் பிடித்து ஆய்வகப் பொறுப்பைக் கொடுங்கள். கழுவுவது, எண்ணுவது, எடுத்து வைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். கூட நிற்கும் ஆள் அவர்கள்தான்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் நாளே எச்.எம்.மை, அதாவது தலைமை ஆசிரியரை, பாருங்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் வாரம் ஒருமுறையாவது அறிவியலுக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் கேளுங்கள், முடிந்தால் சாப்பாட்டு இடைவேளையை ஒட்டி. டைம்டேபிள் சுவரில் ஒட்டிய பிறகு கேட்டால் ஆறு பேரின் பீரியடை மாற்ற வேண்டும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தாள் இன்னும் பென்சிலில் இருக்கும்போதே போய்விடுங்கள்.